தூக்குமரத்துப் பேனா

நோண்டிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மற்றவர்கள் நின்றுபோன கடிகாரத்தைத் திறப்பார்கள். அவர் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை, எப்படித்தான் ஓடுகிறது என்று பார்ப்பதற்காகத் திறந்து, நிறுத்தி வைத்தவர். பல்செட் செய்வது தொழிலாக இருந்த காலத்தில் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பல் அலுத்துப்போனதும் அதே மேசையில், அதே குட்டி ரம்பங்கள், துளைபோடும் ஊசிகள், நீளக் கம்பியில் பொருத்திய சின்னக் கண்ணாடி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பேனா கடைய உட்கார்ந்துவிட்டார். "பெரிய மாத்தம் ஒண்ணும் இல்ல. அதுவும் வாய்க்குள்ள போறதுதான், இதுவும் வாய்க்குள்ள போறதுதான்" என்பார், பேனாவின் வாலைக் கடிக்கிற ஜனங்களை மனதில் வைத்து.

கடையில் வாங்குகிற புது மரத்தில் அவருக்கு மனம் ஒட்டாது. இடித்த கட்டடத்தின் உத்திரம், மூடிய பள்ளிக்கூடத்தின் பெஞ்சு, உடைத்துப் போட்ட படகின் விலா என்று ஏதாவது ஒரு வாழ்ந்து கெட்ட மரம் வேண்டும். அதை விரல் நீளத்துக்கு அறுத்து, நடுவில் துளைபோட்டு, பித்தளைக் குழாய் செருகி, லேத்தில் சுழலவிட்டு உளியை வைத்தால் சுருள் சுருளாகச் சீவல் பறந்து வந்து தலையில் உட்காரும். அப்புறம் உப்புத்தாள், மெழுகு, கடைசியில் நிப்பு. ஒவ்வொரு பேனாவோடும் ஒரு சின்னச் சீட்டு போகும். இந்த மரம் எங்கே இருந்தது, என்ன வேலை பார்த்தது என்று. சீட்டு எழுதுவது மனைவியின் பொறுப்பு. நோண்டி எழுதினால் படிப்பதற்கு மருந்துக் கடைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும்.

நோண்டி தன் அக்காவுக்குக் கொடுத்த பேனாவின் சீட்டில் 'பழைய சரக்குக் கிடங்கின் உத்திரம்' என்று இருந்தது.

அது சாதாரணப் பேனா இல்லை. அக்காவும் அத்தானும் பல வருஷம் காத்திருந்து, ஏறாத படியெல்லாம் ஏறி, ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுக்கிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து, வீட்டைத் தலைகீழாக்கி, 'வாண்டு' என்று பட்டமும் வாங்கிவிட்டது. மிச்சம் இருந்தது கடைசிக் கையெழுத்து ஒன்றுதான். வருகிற வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில். "அந்தக் கையெழுத்தை நீ கடைஞ்ச பேனாவுலதான்டா போடுவேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். அன்றைக்கு நோண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்காவின் வலது கட்டைவிரல் சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிக் கோணிப்போனது. எந்தப் பேனாவும் அவள் கையில் சரியாக உட்காராது. கணக்கு டீச்சர் வேறு, நாள் முழுக்கத் திருத்துகிற கை. அதனால் நோண்டி, பல்லுக்கு அச்சு எடுக்கிற மெழுகை உருட்டிக் கொடுத்து, "பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்கா, கடிச்சிடாதே" என்று சொல்லி, கோணல் விரலுக்கும் சேர்த்து அச்சு எடுத்தார். அந்தப் பள்ளத்தை மரத்தில் கொண்டுவருவதற்குள் மூன்று கட்டை வீணாகிப்போனது. பேனா கைக்கு வந்த நாளிலிருந்து அக்கா பால் கணக்கு முதல் பரீட்சைத் தாள் வரை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடி அண்ணன் வந்து நின்றார்.

பழைய கட்டடங்களை இடிக்கிற காண்டிராக்டர் அவர். தொழிலுக்கும் குரலுக்கும் சேர்த்து ஒரே பெயர். வாசலில் வண்டியை நிறுத்தியபடியே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தார்.

"என்னப்பா, அந்தத் தூக்குமரம் கடைசலுக்கு எப்படி வந்துச்சு?"

நோண்டியின் கையிலிருந்த உளி நின்றது. "எந்த மரம்?"

"அதான்பா, கிடங்குலேர்ந்து வெட்டி வாங்கிட்டுப் போனியே. தூக்குமரம்."

"உத்திரம்னுதானே குடுத்தீங்க?"

"குறுக்க கெடந்தா உத்திரம்தான். ஆனா ஏறி இறக்கின ஆளுங்க எல்லாம் தூக்குமரம்னுதான் சொன்னாங்க. அங்க முன்னாடி வேலை பார்த்தவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்களாம்."

"ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"பேரு வெச்ச அன்னிக்கு என்னைக் கூப்பிடலியே!"

"அண்ணே, வெளையாடாதீங்க. அது கிடங்குதானே?"

"கிடங்குதான். அதுக்கு முன்னாடி? ஒருத்தன் ஜெயிலுங்கறான், ஒருத்தன் குதிரை லாயங்கறான். நான் வரலாறை லாரியில ஏத்தறவன்பா. என்கிட்டப் போய் வரலாறு கேக்கறியே!"

இடி அண்ணன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நோண்டி மூலையில் கிடந்த மிச்சக் கட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முன்பே பார்த்ததுதான். ஆனால் இப்போது பார்க்கிற கண் வேறு. கட்டையின் முதுகில் கயிறு ஓடித் தேய்ந்த பள்ளம். பக்கத்தில் இரும்பு வளையம் இருந்ததற்கான துருக்கறை. சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். கயிறு என்றால் எந்தக் கயிறு?

மனைவி சீட்டுகளை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க."

"விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

"நீங்க விசாரிச்ச கடிகாரம் இன்னும் ஓடல."

"இதுல நம்பிக்கை கிம்பிக்கை எனக்குக் கெடையாது. மேல்தோலைச் சீவித் தள்ளித்தானே கடையறோம்? கயிறு பட்ட இடம் எல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு. உள்ள இருக்கிற மரத்துக்கு வெளியில நடந்தது எப்படித் தெரியும்?"

"அப்ப சீட்டு எதுக்கு எழுதறோம்? உள்ள இருக்கிற மரத்துக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, படகு, பள்ளிக்கூடம்னு நான் ஏன் விடிஞ்சா பொழுதுபோனா எழுதிக்கிட்டிருக்கேன்?"

நோண்டி கட்டையைக் கீழே வைத்தார். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பேனாவைத் திருப்பித் தரியா? கொஞ்சம் மெழுகு போட்டுத் தரேன். கொஞ்சம் பளபளப்பு கம்மியா இருந்த மாதிரி…"

"டேய் நோண்டி, நீ ஒரே மூச்சுல ரெண்டு 'கொஞ்சம்' போட்டாலே பொய். இப்ப மூணு. என்ன பண்ணித் தொலைச்சே?"

சொல்லிவிட்டார். சுற்றி வளைத்து, இழுத்து, 'ஒருவேளை', 'யாரோ சொன்னது' எல்லாம் சேர்த்துச் சொன்னாலும் நடுவில் அந்த ஒரு சொல் துருத்திக்கொண்டுதான் நின்றது. அக்கா கடகடவென்று சிரித்தாள்.

"அட போடா. நான் இதையெல்லாம் நம்பறவளா? மரம் மரந்தான்."

அந்தச் சிரிப்பில் ஏதோ ஒரு ஆணி கழன்றிருந்தது. மறுநாள் மாலை நோண்டி நேரில் போனார். அக்கா மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், தெருமுனைக் கடையில் வாங்கிய பால்பாயின்ட் பேனாவால். வளைந்த விரல் வெள்ளையாக வெளுத்துப்போகும்படி அழுத்திப் பிடித்திருந்தாள்.

"பேனா எங்கக்கா?"

"உள்ள இருக்கு. மை தீர்ந்துபோச்சு."

அத்தான் அவரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். "மையும் தீரல, மண்ணும் தீரல. நேத்துலேர்ந்து அதைத் தொடல. மேசை மேல இருந்ததை என்னை எடுத்து உள்ள வைக்கச் சொன்னா. கைக்குட்டையில சுத்தி வேற வெக்கணுமாம். கேட்டா, தூசி படக் கூடாதாம்."

"வேற மரத்துல ஒண்ணு செஞ்சு தரட்டுமா அத்தான்? ராவு பகலா ஒக்காந்தா…"

"நானும் சொல்லிப் பார்த்தேன். 'அது எதுக்கு, நான்தான் நம்பறதில்லையே'ங்கறா. நம்பறேன்னு ஒத்துக்கிட்டாத்தானே வேற பேனா கேக்க முடியும்? அவ வீம்பு உனக்குத் தெரியாததா?"

கூடத்தில் வாண்டு அக்காவின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது. அக்கா திருத்துவதை நிறுத்திவிட்டு அந்தக் குட்டிக் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முத்தம் கொடுத்தாள். நோண்டி அந்தக் கழுத்தையும் அந்தக் கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் குழந்தைக்கான கையெழுத்தையா அந்த மரத்தால் போடுவது? நம்பிக்கை இல்லாதவர்தான், ஆனால் மறுநாளே கிடங்குக்குக் கிளம்பினார்.

கிடங்கு இன்னும் முழுதாக இடிபடவில்லை. கூரை போய்விட்டது. பரணும் சுவரும் நின்றன. இடி அண்ணன் ஒரு தலைக்கவசத்தைக் கொடுத்து, "மண்டையை மட்டும் உள்ளயே வெச்சுக்கோ" என்று அனுப்பினார். 

கீழ்த்தளம் குனிந்து போகிற உயரம்தான். ஜன்னல்களில் கம்பி. நோண்டியின் மனம் 'ஜெயில்' என்றது. 'திருடன் சரக்கைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கவும் கம்பிதான் போடுவார்கள்' என்று அதே மனம் உடனே எதிர்க்கட்சியில் உட்கார்ந்தது. மரப்படியில் ஏறிப் பரணுக்குப் போனார். அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கச் சுவரிலும் உத்திரம் உட்கார்ந்திருந்த பொந்துகள், மேலே வெறும் வானம். உத்திரம் எந்தத் திசையில் கிடந்தது, கயிற்றுப் பள்ளம் எந்த இடத்தில் வரும் என்று அளந்தபடி, மேலேயே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். இங்கேதான். கயிறு நேராக இங்கேதான் இறங்கியிருக்க வேண்டும்.

குனிந்து காலடியைப் பார்த்தார். பலகைத் தளத்தில் சதுரமாக ஒரு கோடு. நடுவில் இன்னொரு கோடு. இரட்டைக் கதவு. அதன் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

உயிர் தொண்டைக்கு வந்து, வெளியே போகலாமா வேண்டாமா என்று யோசித்தது. மேலே மரம், மரத்தில் கயிறு, கயிற்றுக்கு நேர் கீழே கதவு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அக்காவிடம் எந்த முகத்தோடு போவது என்று நினைத்தபடியே அசையாமல் நின்றார். அப்படியே நின்றிருந்தால் அவர் நோண்டி இல்லையே. கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை என்ற கேள்வி வந்துவிட்டது. பக்கத்துத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, லேசாக ஒரு குதி குதித்தார். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் பலமாகக் குதித்தார்.

கீழேயிருந்து இடி அண்ணன் கத்தினார். "யோவ்! இடிக்கறதுக்கு நான் சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்கேன்யா!"

நோண்டி மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கிற கண்ணாடியை எடுத்தார். அதன் கம்பியைக் கதவிடுக்கில் விட்டு, கண்ணாடியைக் கடைவாய்க்குத் திருப்புவது போலத் திருப்பினார். கதவுக்கு அடியில் நாலு பக்கமும் விளிம்புக் கட்டை ஓடியது. இரண்டு கதவும் அதன் மேல்தான் படுத்திருந்தன. யானையே ஏறி நின்றாலும் கீழே போகாது. அப்படியானால் கீல்? தூசியை ஊதினார். கதவின் மேல்பக்கத்திலேயே, தளத்தோடு சேர்த்து ஆணியடித்த தோல் பட்டைகள். வளைந்து வளைந்து மெழுகுபோலத் தேய்ந்திருந்தன. விரலைக் கொடுத்து இழுத்தார். கதவு புத்தக அட்டை மாதிரி மேலே வந்தது. விட்டார். டப். மறுபடி இழுத்தார். டப்.

ஆளை இறக்குகிற கதவு கீழேதான் திறக்க வேண்டும். இது மேலே மட்டும்தான் திறக்கிறது. கீழே மூட்டையைக் கட்டி, உத்திரத்தில் போட்ட கயிற்றை இழுத்தால், மூட்டை தன் தலையாலேயே கதவை முட்டித் திறந்து மேலே வரும். வந்ததும் கதவு தானாக மூடிக்கொள்ளும். பரணில் நடக்கிறவன் ஓட்டையில் விழ மாட்டான். எவ்வளவு அழகான ஏற்பாடு! தூக்குவதற்காக வைத்த மரம் தூக்குமரம். பெயரில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்கக் கேட்டவர் காதில்.

"கடைஞ்செடுத்த முட்டாள்டா நீ" என்று தன்னையே செல்லமாகத் திட்டிக்கொண்டு இன்னும் பல தடவை கதவை டப் டப் என்று தட்டி மகிழ்ந்தார். கீழே தூசி மழையில் நின்ற இடி அண்ணன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்த விளிம்புக் கட்டையைப் பின்னாடி யாராவது அடிச்சிருந்தா?"

"அடிக்கலக்கா. தளத்துச் சட்டத்துலயே வெட்டி உட்கார வெச்சிருக்கு."

"நீ நல்லாப் பார்த்தியா, இல்ல நல்லா இருக்கணும்னு பார்த்தியா?"

"கண்ணாடி விட்டுப் பார்த்தேன்!"

"நீ பார்த்ததை வெச்சு நான் எப்படி ஒத்துக்க முடியும்? படியைக் காட்டாம விடை எழுதினா நான் மார்க் போடறதில்ல."

"இதையெல்லாம் நம்பறதில்லன்னு சொன்னே?"

அக்கா முகம் சிவந்தது. "நம்பல. சும்மா தெரிஞ்சுக்கறேன். எங்க இருக்கு அந்தக் கட்டடம்?"

குடும்பமாகவே கிளம்பினார்கள். இடி அண்ணன் வாண்டுக்கும் ஒரு தலைக்கவசம் கொடுத்தார். அது கவசத்துக்குக் கீழே முளைத்த காளான் தண்டு மாதிரி நடந்தது. கீழ்த்தளத்து அரை இருட்டில் நோண்டி மேலே விரலை நீட்டிக் காட்டினார். அக்கா அண்ணாந்து பார்த்தாள். சட்டத்தில் வெட்டிய பள்ளத்தைக் கண்ணால் தடவினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாண்டுக்குப் பொறுமை போய்விட்டது. மாமாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் மேலே நீட்டியது.

"தூக்கு!"

நோண்டி அக்காவைப் பார்த்தார். அக்கா நோண்டியைப் பார்த்தாள்.

"தூக்கு மாமா, தூக்கு!"

தூக்கினார். இடுப்புக்கு, தோளுக்கு, தோளுக்கும் மேலே. கவசம் போட்ட குட்டித் தலை கதவில் 'டொக்' என்று முட்டியது. இரண்டு கதவும் விரிந்தன. மேலேயிருந்து வெயில் கொட்டியது. வாண்டு இடுப்புவரை வெளிச்சத்துக்குள் போய்விட்டது. கீழே இருந்தவர்களுக்கு இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"வானம் இருக்கு!" என்று மேலேயிருந்து தகவல் வந்தது.

"டேய், கீழ இறக்குடா அவளை!" என்று அக்கா அலறினாள்.

"மாட்டேன் போ!" என்றது வானம்.

அத்தான் மூச்சிரைக்கப் படியேறி ஓடிப்போய் மேலேயிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். செருப்புக் கால்கள் மேலே போய் மறைந்தன. கதவு டப் என்று மூடிக்கொண்டது. தலைக்கு மேலே பலகையில் தடதடவென்று ஓடுகிற சத்தம். அக்கா மூடிய கதவையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"தூசிடா" என்றாள்.

"ரொம்பத் தூசிக்கா இங்க" என்றார் நோண்டி.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அதிகாரி தாள்களைப் புரட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டித் தன் பேனாவை நீட்டினார். அக்கா கையை அசைத்து மறுத்துவிட்டு, கைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். கைக்குட்டை எதுவும் சுற்றியிருக்கவில்லை.

அதிகாரி பார்த்தார். "நல்லா இருக்கே. என்ன மரம்?"

நோண்டி முந்திக்கொண்டு, "பழைய கிடங்கோட…" என்று தொடங்கினார்.

"தூக்குமரம் சார்" என்றாள் அக்கா, பெருமையாக.

முத்திரைக் கட்டை பாதி வழியில் நின்றது. பின்வரிசையில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். நோண்டியின் மனைவி, அக்கா சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று கணவர் காதில் முணுமுணுத்தாள்.

"ஐயோ, அது இல்ல சார். நீங்க கீழ தொறக்கிற கதவை நெனைச்சுக்கிட்டீங்க" என்ற அக்கா, ஒரு துண்டுத்தாளை எடுத்துச் சதுரம் போட்டாள். நடுவில் கோடு. அடியில் விளிம்புக் கட்டை. மேல்நோக்கி ஒரு அம்பு. "மூட்டை இங்க இருக்குன்னு வெச்சுக்குங்க. கயித்தை இழுக்கறாங்க. இப்ப கதவு எந்தப் பக்கம் போகும்? சொல்லுங்க."

"மேல… டீச்சர்" என்றார் அதிகாரி.

"அவ்வளவுதான்! இது தூக்கறதுக்கு வெச்ச மரம்."

"அம்மா தாயே," என்றார் அத்தான், "வகுப்பை அப்புறம் எடு. முதல்ல கையெழுத்தைப் போடு."

மேசை உயரத்துக்குக் கீழே நின்றபடி, மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவித்த வாண்டு அக்காவின் புடவையை இழுத்தது. அக்கா அதைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைந்த விரலை அதன் பள்ளத்தில் பொருத்தி எழுதினாள். வாண்டு நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. கையெழுத்து தாளின் ஓரத்தை நோக்கி ஏணி ஏறுவது போல ஏறிப் போனது.

அதிகாரி முந்தைய பக்கத்தைத் திருப்பி ஒப்பிட்டுப் பார்த்தார். "அதுல நேரா இருக்கு, இதுல மேல போகுதே?"

"அன்னிக்கு இடுப்புல ஆள் இல்ல சார்" என்றாள் அக்கா.

அவர் இடுப்பில் இருந்த ஆளை ஒரு தடவை பார்த்தார். முத்திரையை மையில் அழுத்தி எடுத்துத் தாளில் குத்தினார்.